மாட்டு டாக்டர் எடுத்த படங்கள்

பாபநாசத்தில் நான் ஸ்டூடியோ வைத்திருந்த காலத்தில் எனக்குப் பிடிக்காத மனிதர் ஒருவர் இருந்தார். ஊரில் மற்ற எல்லோருக்கும் அவரைப் பிடித்திருந்தது என்பது முதல் காரணம். மீதிக் காரணங்களையும் சொல்கிறேன். கேட்டு முடித்ததும் நீங்களும் அவர் பக்கம் போய்ச் சேர்ந்துகொள்வீர்கள் என்று தெரியும். எனக்கு அது பழக்கம்தான்.

அவர் கால்நடை மருத்துவர். எங்கிருந்தோ மாற்றலாகி எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கு வந்தவர். மாட்டு டாக்டர் என்றால்தான் தெரியும்; பெயரைச் சொல்லி விசாரித்தால் அடுத்த வீட்டுக்காரரே யோசிப்பார். குள்ளமான ஆள். காற்சட்டையின் ஒரு காலை முழங்கால் வரை மடித்துவிட்டிருப்பார், இன்னொன்றை மடிக்க மறந்திருப்பார். சைக்கிளின் பின்னால் ஒரு தோல் பை. அதற்குள் ஊசி, கயிறு, பினாயில் பாட்டில், மாட்டுக்கு மருந்து புகட்டும் மூங்கில் குழாய். இவற்றுக்கு நடுவே, பழைய துண்டில் சுற்றி ஒரு கேமரா. மலேயாவில் இருந்த மைத்துனர் கொடுத்ததாம். தொழிலுக்கு நான் வைத்திருந்ததைவிட நல்ல கேமரா. இது இரண்டாவது காரணம்.

கேமரா நல்லதாக இருந்தால் மட்டும் படம் நன்றாக வந்துவிடாது என்று அப்போது எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அது உண்மைதான். உண்மையாக இருந்ததால்தான் எனக்கு வயிறு எரிந்தது.

நான் முறையாகத் தொழில் கற்றவன். எங்களுடையது சேற்றில் உழன்ற குடும்பம். அப்பாவும் அம்மாவும் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். நான் அதிலிருந்து தப்பி, கும்பகோணத்தில் ஒரு ஸ்டூடியோவில் தட்டுக் கழுவி, தண்ணீர் தூக்கி, முதலாளியின் திட்டையெல்லாம் வாங்கிக்கொண்டு மெல்ல மெல்ல இருட்டறைக்குள் நுழைந்தேன். பாபநாசத்தில் சொந்தக் கடை போட்டபோது பின்னால் தொங்கவிட ஒரு திரை எழுதி வாங்கினேன். ஏரி, அதில் அன்னங்கள், தூரத்தில் பனிமலை. குடமுருட்டியில் குளித்துவிட்டுத் தலை காயாமல் வந்தவர்கள்கூட அந்த ஏரிக்கரையில் உட்கார்ந்துதான் படம் எடுத்துக்கொள்வார்கள். ஆட்சி மாறிய புதிதில் கரைவேட்டிக்காரர்கள் தோளில் துண்டோடு வந்து, மேடையில் பேசுவதுபோல ஒரு கையைத் தூக்கி நிற்பார்கள். அன்னங்களுக்கா பேசுகிறோம் என்று அவர்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை.

“இங்க பாருங்க. அசையாதீங்க. மூச்ச விடாதீங்க.” இதுதான் என் தொழில். அதன்பிறகு நெகட்டிவில் பென்சிலைக் கூராக்கிக்கொண்டு உட்கார்ந்தால் மரு போய்விடும், அம்மைத் தழும்பு போய்விடும், கன்னத்தின் பள்ளம் நிரம்பிவிடும். என்னிடம் படம் எடுத்துக்கொண்டவர்களுக்குக் கல்யாணம் சீக்கிரம் அமையும் என்று ஒரு பேச்சு உண்டு. அதில் எனக்குப் பெருமையும் உண்டு.

டாக்டர் சொல்வது வேறு. “நீங்க பாட்டுக்கு உங்க வேலையப் பாருங்க.” மாட்டுக்கு ஊசி போட்டுக் கையைக் கழுவிவிட்டு, துண்டைப் பிரித்துக் கேமராவை எடுப்பார். வீட்டுக்காரர்கள் அவசரமாகத் தலையைக் கோதி, முந்தானையைச் சரிசெய்து வந்து நிற்பார்கள். இவர் கேமராவைக் கீழே இறக்கிவிட்டு, உங்க வேலையப் பாருங்க என்பார். கொஞ்ச நேரம் நின்று பார்ப்பார்கள். இந்த ஆள் எடுக்கப் போவதில்லை போலிருக்கிறது என்று சலித்துப்போய்ச் சாணி அள்ளவோ, நெல் புடைக்கவோ, பிள்ளையை அடிக்கவோ போய்விடுவார்கள். அதன்பிறகுதான் எடுப்பார்.

மாடுகளிடம் மரியாதையாகப் பேசுவார். “வாங்கம்மா, காலக் காட்டுங்க, ஒண்ணும் பண்ணமாட்டேன்” என்பார். தன்னைத்தான் டேய் போட்டுத் திட்டிக்கொள்வார். பாட்டு வராது, ஆனால் முனகிக்கொண்டே இருப்பார். இதையெல்லாம் பெண்கள் வாய்க்காலில் துணி துவைக்கும்போது பேசிப் பேசிச் சிரிப்பார்களாம். என்னைப் பற்றி யாரும் எங்கேயும் பேசிச் சிரித்ததாகத் தகவல் இல்லை.

இருட்டறை அவரிடம் இல்லை. ஆகவே ரோல் முடிந்ததும் என்னிடம்தான் வருவார். நான்தான் கழுவ வேண்டும், நான்தான் பிரிண்ட் போட வேண்டும். இதை யோசித்துப் பாருங்கள். அவர் எடுத்த ஒவ்வொரு படத்தையும் அவருக்கு முன்னால் நான் பார்த்தேன். நீங்கள் வெறுக்கிற ஒருவரின் சமையலைத் தினமும் முதல் வாய் சாப்பிட்டுப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று தெரிந்துகொள்வது எப்படி இருக்கும்?

கழுவிய பிலிமை ஈரம் சொட்டச் சொட்டக் கொடியில் மாட்டிவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்பேன். முதலில் கெட்டுப்போன படங்களைத் தேடுவேன். நிறைய இருக்கும். மாட்டின் தலை வெட்டுப்பட்டிருக்கும், அடிவானம் சாய்ந்திருக்கும், ஒரு பாதி கலங்கியிருக்கும். அதுவரைக்கும் நிம்மதியாக இருக்கும். பிறகு ஒன்று வரும். உழுத சேற்றில் கலப்பைக்குப் பின்னாலேயே வரிசையாக நடக்கும் கொக்குகள், அவற்றில் ஒன்று மட்டும் உழுகிறவரை நிமிர்ந்து பார்க்கும். குளத்துத் தண்ணீருக்கு மேல் எருமைகளின் மூக்கு மட்டும். பாபநாசம் ரோட்டை வாத்துக்கூட்டம் கடக்க, பஸ்ஸை நிறுத்திவிட்டுக் கண்டக்டர் கீழே இறங்கி வாத்துகளுக்கு வழிவிட்டு நிற்பது. ஒரு அப்பன் பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றுவது. செம்பிலிருந்து விழுந்த தண்ணீர் பிள்ளையின் தலையைத் தொடுவதற்கு ஒரு விரல்கடை முன்னால் நிற்கும், பிள்ளையின் கண் அதற்குள் மூடியிருக்கும். டாக்டருடைய மனைவி வாய் நிறைய ஹேர்பின்னைக் கடித்துக்கொண்டு மகளுக்குத் தலை பின்னுவது.

இதெல்லாம் நான் தினம் பார்க்கிறவைதான். அந்த வாத்துகள் என் கடை வாசல் வழியாகத்தான் போகும். அவை போன பிறகு வாசலைக் கழுவுவதும் நான்தான்.

அவரிடம் குறையே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். தேடித் தேடிச் சேர்த்து வைத்திருக்கிறேன். ஒருமுறை ஒரு வீட்டில் பசு கன்று போட முடியாமல் கிடந்தபோது, முன்னங்கால் இரண்டும் வெளியே வந்துவிட்ட நேரத்தில், இடது கையால் கன்றின் காலைப் பிடித்துக்கொண்டு வலது கையால் கேமராவைத் தேடினாராம். வீட்டுக்காரர் சாட்டைக் கம்பை எடுத்துவிட்டார். கன்று பிழைத்தது, அதனால் டாக்டரும் பிழைத்தார். அந்தப் படமும் என்னிடம் வந்தது. கன்றின் மூக்கும், அதன் மேல் ஒரு ஈயும். பார்க்க எனக்குக் கூசியது. ஆனால் அன்று முழுவதும் அதையே திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் விடிகாலையில் என் கேமராவையும் ஸ்டாண்டையும் தூக்கிக்கொண்டு நானும் வயலுக்குப் போனேன். பெரிய வித்தையா இது, கண் எனக்கும் இருக்கிறது என்ற வீறாப்பு. நாற்றுப் பறித்துக்கொண்டிருந்தவர்கள், ஸ்டூடியோக்காரர் வந்திருக்கிறார் என்றதும் கையைக் கழுவிக்கொண்டு கரையேறி வரிசையாக நின்றுவிட்டார்கள். உயரமானவர்கள் பின்னால், குள்ளமானவர்கள் முன்னால். நான் கல்யாண வீட்டில் நிற்க வைப்பதைப் பார்த்துப் பழகியவர்கள். நீங்க வேலையப் பாருங்க என்று நானும் சொல்லிப் பார்த்தேன். தமாஷ் பண்ணுகிறேன் என்று நினைத்து இன்னும் நெருங்கி நின்றார்கள். வாய்க்காலில் கிடந்த எருமை ஒன்று எழுந்து நின்று என்னையே பார்த்தது. ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்பினேன். எல்லார் முகமும் தெளிவாக விழுந்திருந்தது.

இனி என் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ராஜாத்தி. சிரித்த முகக்காரி என்றுதான் அவள் ஊரில் சொல்லி எனக்குக் கட்டிவைத்தார்கள். கல்யாணமான மறுமாதமே அவளை ஏரிக்கரையில் உட்கார வைத்து எடுத்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு பொங்கலுக்கும், தீபாவளிக்கும், புதுப் புடவைக்கும், பிள்ளை பிறந்ததற்கும் எடுத்தேன். பாபநாசத்தில் அவளளவுக்குப் படம் எடுத்துக்கொண்ட பெண் வேறு யாரும் இருந்திருக்க முடியாது. ஒன்றில்கூட அவள் சிரிக்கவில்லை. சிரி என்றால் உதடு விரியும், கண் என்னை மிரண்டு பார்க்கும். கேமராவை மூடிவிட்டு உள்ளே போனால் அடுப்படியில் பக்கத்து வீட்டுக்காரியோடு சிரிப்புச் சத்தம் கேட்கும்.

எங்கள் பசுவுக்கு மடி வீங்கிப் பால் திரிந்து வந்தது. டாக்டர் வந்தார். ஸ்டூடியோவுக்குப் பின்னாலேயே வீடு, வீட்டுக்குப் பின்னால் கொட்டகை. எனக்கு முன்னால் ஒரு கல்யாண ஜோடி காத்திருந்ததால் நான் போகவில்லை. அவர் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

அடுத்த ரோலைக் கழுவி உலர்த்தி, சிவப்பு விளக்கில் பிரிண்ட் போட்டுக்கொண்டிருந்தேன். தட்டில் காகிதம் மிதந்தது. முதலில் ஒரு கூந்தல் வந்தது. பிறகு மாட்டின் கண். பிறகு இரண்டு புருவம், எனக்குத் தெரிந்த புருவம். கழுத்தை மாடு நக்குகிறது, அவள் தோளைக் குறுக்கிக்கொண்டு, தலையைப் பின்னால் சாய்த்து, பல்லெல்லாம் தெரிய, கண் மூடிச் சிரிக்கிறாள். முன்பல்லில் ஒன்று லேசாகத் திரும்பியிருக்கும். அது அத்தனை அழகாக இருக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. காகிதத்தைத் தட்டிலிருந்து எடுக்க மறந்து நின்றேன். படம் கறுத்துவிட்டது. இன்னொரு காகிதம் போட்டேன்.

அவர் என்ன சொல்லி அப்படிச் சிரிக்க வைத்தார் என்று அன்று மத்தியானம் சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டேன்.

“அவரு ஒண்ணும் சொல்லலீங்க. மாடு நக்குச்சு.”

அவள் சொன்னது உண்மை என்று எனக்குத் தெரியும். அவர் யோக்கியர் என்றும் தெரியும். யோக்கியராக இல்லாமல் இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும். போய்ச் சட்டையைப் பிடித்திருக்கலாம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மறுநாள் மாட்டை அவிழ்த்துக்கொண்டுவந்து அவள் பக்கத்தில் கட்டினேன். கழுத்தில் தவிட்டைத் தடவிக்கொள்ளச் சொன்னேன். மாடும் நல்ல மாடு, நக்கத் தொடங்கியது. அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கேமராவுக்குள் குனிந்தேன். பழக்க தோஷம், “இங்க பாரு, அசையாத” என்று சொல்லிவிட்டேன். அவள் என்னைப் பார்த்தாள். மாடுகூட நக்குவதை நிறுத்திவிட்டது.

டாக்டர் அந்தப் படத்தில் ஒரு பிரிண்ட்டை அவளுக்கே கொடுத்துவிட்டார். அவள் அதைக் கூடத்தில் மாட்டவில்லை. கூடத்தில் நான் எடுத்தவைதான் இருந்தன. அடுப்படியில் உப்பு ஜாடிக்குப் பின்னால் சாய்த்து வைத்திருந்தாள். நான் தண்ணீர் குடிக்கப் போகும்போதெல்லாம் அது கண்ணில் படும். தண்ணீரைக் கூடத்துக்கே கொண்டுவரச் சொல்ல ஆரம்பித்தேன்.

அந்த வருஷம் தை அறுவடையில் தகராறு வந்தது. டீக்கடைகளில் எல்லாம் கறுப்பு சிவப்பு பறந்தாலும் களத்துமேட்டில் பறந்தது வெறும் சிவப்பு. கூலி நெல்லை ஏற்றிக் கேட்டார்கள். பெரிய பண்ணை மிராசுதார் முடியாது என்றார். அரசாங்கம் பேசி முடிப்பதற்குள் கதிர் உதிர்ந்துவிடும் என்று லாரியில் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து வயலில் இறக்கினார். உள்ளூர் ஆட்கள் வரப்பில் குறுக்கே நின்றார்கள். முன்னால் கொடியோடு நின்றவன் தங்கராசு, ராஜாத்தியின் தம்பி. என்னை மாமா மாமா என்று சுற்றுகிறவன், கையில் கொடி இருந்தால் மட்டும் வேறு ஆள்.

பண்ணையின் ஏஜெண்ட் வரப்பில் ஏறி அவர்களை விரட்டப் போனார். கூச்சல், நெருக்கடி. ஏஜெண்ட் வாய்க்காலுக்குள் விழுந்தார். எழுந்து வந்தபோது மூக்கிலும் காதிலும் சேறு. தன்னைக் கொல்வதற்காகத் தள்ளினார்கள் என்று போலீசில் எழுதிக் கொடுத்தார். தள்ளியது யார் என்று அவருக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. சேற்றில் முகம் புதைந்திருந்தவருக்கு எப்படித் தெரியும்? ஆனால் ஒன்று தெரிந்திருந்தது. பண்ணைக் கொட்டகையில் ஒரு மாட்டைப் பார்க்க வந்திருந்த டாக்டர், பக்கத்து வரப்பில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையிலேயே ஏஜெண்ட் என் கடையில் வந்து உட்கார்ந்துவிட்டார். டாக்டரின் ரோல் என்னிடம்தான் வரும் என்பது ஊருக்கே தெரிந்த விஷயம். வந்ததும் ஒவ்வொன்றிலும் ஒரு பிரிண்ட் போட்டு ரகசியமாகத் தனக்குக் கொடுத்துவிட வேண்டும் என்றார். ஸ்டேஷனில் காட்ட வேண்டுமாம். டாக்டரிடம் நேராகக் கேட்டிருக்கலாமே என்றேன். அவரிடம் கேட்டால் முகம் கொடுத்துப் பேச மாட்டார் என்றார். பிறகு மிராசுதார் வீட்டுக் கல்யாணத்தைப் பற்றிப் பேசினார். வைகாசியில் மூத்த பெண்ணுக்கு. மாப்பிள்ளை அழைப்பிலிருந்து கட்டுச்சாதம் வரைக்கும் எல்லாப் படமும் நான்தான் எடுப்பதாக இருந்தது. இந்தப் பக்கத்தில் யாரும் அப்படி ஒரு ஆல்பம் செய்ததில்லை. அதை எடுத்துவிட்டால் என் பெயர் கும்பகோணம் வரைக்கும் போகும், என்னைத் திட்டிய முதலாளியின் காதிலும் விழும்.

“என்னப்பா, செஞ்சிடுவல்ல?”

“ரோல் வரட்டுங்க. பாக்கலாம்.”

அதைத்தான் சொன்னேன். வேறு யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். ஒரு ஆளை அனுப்பி வைப்பதற்குச் சொல்கிற வார்த்தைதானே பாக்கலாம் என்பது. திரும்பிப் பார்த்தபோது ஏரித் திரை ஆடிக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால்தான் வீட்டுக்குப் போகும் கதவு. ராஜாத்தி காபி டம்ளரை எடுக்க வந்தவள் எடுக்காமலேயே போய்விட்டிருந்தாள்.

நான் அன்று வேலை எதுவும் பார்க்கவில்லை. யோசித்துக்கொண்டே இருந்தேன். ரோல் வந்ததும் கழுவும்போது கெட்டுவிட்டது என்று சொல்லிவிடலாம். மருந்து சரியில்லை, வெயிலில் சூடேறிவிட்டது என்று சொல்லலாம். எந்தப் படத்தைக் கொடுப்பது, எதை நிறுத்துவது என்று பார்த்து முடிவு செய்யலாம். தங்கராசு எதிலும் விழாமலேயேகூட இருக்கலாம். இப்படிப் பல வழிகள் இருந்தன. எல்லா வழிக்கும் முதலில் படத்தை நான் பார்த்தாக வேண்டும்.

மூன்று மணி வெயிலில் டாக்டர் வந்தார். வழக்கத்தைவிட வேகமாகப் படியேறினார். கேமராவைத் துண்டிலிருந்து பிரித்து என் மேஜை மேல் வைத்தார். பிலிம் அதற்குள்தான் இருந்தது. இன்னும் ஒன்றிரண்டு எடுக்கலாம், ஆனால் பொறுக்கவில்லை, இன்றைக்கே கழுவ முடியுமா என்றார். அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. அவர் முகத்தில் சின்னப் பிள்ளையின் சந்தோஷம் இருந்தது.

“இந்த மாதிரி ஒண்ணு நான் எடுத்ததே இல்லீங்க. ஏஜெண்ட் சேத்துல கெடக்காரு. உங்க மச்சினன் குனிஞ்சு கையப் புடிச்சுத் தூக்குறாரு. பின்னாடி அந்த வெளியூர் ஆளுங்க, அருவாளத் தொங்கப் போட்டுக்கிட்டு அப்படியே பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. கொக்கெல்லாம் மொத்தமா எந்திரிக்குது. எல்லாம் ஒரே நேரத்துல.”

எனக்கு முதலில் வந்தது என்ன தெரியுமா? தங்கராசு தள்ளவில்லை, தூக்கினான் என்ற நிம்மதி அல்ல. அது பிறகுதான் வந்தது. முதலில் வந்தது பொறாமைதான். கொக்குகள் எழுந்த அந்த நேரத்தில் இந்த ஆள் ஏன் அங்கே நிற்க வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

நான் வாயைத் திறப்பதற்குள் திரைக்குப் பின்னாலிருந்து ராஜாத்தி வெளியே வந்தாள். வாடிக்கையாளர்கள் இருக்கும்போது அவள் கடைக்குள் வருவதே இல்லை.

“அய்யா, அந்தப் படத்தத்தான் ஏஜெண்ட் கேட்டு வந்தாரு. ஸ்டேஷன்ல காட்டணுமாம். யாரு தள்ளுனதுன்னு.”

டாக்டர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு கண்ணைச் சுருக்கிக்கொண்டு எதையோ மனசுக்குள் பார்த்தார். கேமரா மேஜை மேல் கிடந்தது. என் பக்கமாகத்தான் கிடந்தது. நான் கையை நீட்டியிருந்தால் போதும்.

“உங்க தம்பி தூக்கத்தான் செஞ்சாரும்மா. நான் பாத்தேன். ஆனா படத்துல கையப் புடிச்சிருக்கிறது மட்டுந்தான் தெரியும். தூக்குறதா தள்ளுறதான்னு தெரியாது.”

“நீங்க சாட்சி சொல்லுவீங்கல்லய்யா?”

“சொல்லுவேன். படம் இருக்கயில என் பேச்ச எவன் கேப்பான்?”

அது எனக்குத் தெரிந்த விஷயம். படம் என்றால் ஜனங்கள் எப்படி நம்புவார்கள் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? தழும்பு இல்லாத முகங்களை நம்ப வைத்துத்தானே நான் பிழைத்தேன். இதைச் சொல்லலாம் என்று நினைத்தேன். ரோலை என்னிடம் கொடுங்க டாக்டர், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றும் சொல்லலாம். எதை முதலில் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அவர் கேமராவை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

வெயிலில் நின்றுகொண்டு அதன் முதுகுப்பக்க மூடியைத் திறந்தார். பிலிமின் நுனியைப் பிடித்து இழுத்தார். நீளமாக வந்துகொண்டே இருந்தது. சிக்கிக்கொண்ட இடத்தில், “ஏண்டா, சீக்கிரம் இழுடா” என்று தன்னையே திட்டிக்கொண்டார். வெயில் பட்ட பிலிமைப் பார்த்தால் ஒன்றுமே நடந்தது போலிருக்காது; அதே மங்கிய நிறத்தில்தான் இருக்கும். தொழில் தெரிந்தவனுக்குத்தான் உள்ளே என்ன ஆகிறது என்று தெரியும். எனக்குத் தெரிந்தது. அந்தக் கொக்குகள் எல்லாம் போய்விட்டன.

ராஜாத்தி வாசற்படியில் நின்றாள். அங்கிருந்தே கேட்டாள்.

“நல்ல படமாய்யா?”

“ரொம்ப நல்ல படம்மா.”

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவர் பிலிமைச் சுருட்டி என்னிடம் கொடுத்தார், குப்பையில் போட்டுவிடுங்கள் என்று. மடிக்காத காற்சட்டைக் காலில் பிலிமின் ஒரு துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. அதைத் தட்டிவிடாமலேயே சைக்கிளில் ஏறிப் போனார்.

சாட்சியில்லாமல் அந்தக் கேஸ் நிற்கவில்லை. கூலி நெல்லும் பேசி முடிந்தது. தங்கராசு அடுத்த நடவுக்கு அதே வயலில் இறங்கினான். சேற்றில் முங்குகிறாரே என்று தூக்கப் போனேன் மாமா, அதற்கே இந்தப் பாடு என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தான். டாக்டரை அந்த மாதம் முடிவதற்குள் தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றினார்கள். அங்கே ஆடுகள் நிறைய இருக்குமாம், சந்தோஷமாகத்தான் போனார். மிராசுதார் வீட்டுக் கல்யாணத்துக்குக் கும்பகோணத்திலிருந்து ஆள் வந்து எடுத்தான். அது எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை.

அவருடைய படங்கள் மேல் எனக்கிருந்த பொறாமை காலப்போக்கில் ஆறியிருக்கும். இந்த ஒன்றுதான் ஆறவில்லை. அந்த ரோலை வெயிலில் இழுத்திருக்க வேண்டியவன் நான். மச்சினன் என்னுடையவன், மனைவி என்னுடையவள், கடை என்னுடையது. கேமராகூட என் கைக்கு எட்டுகிற இடத்தில்தான் இருந்தது. அவர் இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் நானே செய்திருப்பேன். ஏஜெண்டுக்கு அந்தப் படத்தைக் கொடுத்திருக்க மாட்டேன். கொடுத்திருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

அன்று இரவு சாப்பாடு போடும்போது ராஜாத்தி கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். டாக்டர் அப்படிச் செய்திருக்காவிட்டால் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள் என்று. பதிலைத் தயாராக வைத்திருந்தேன், நல்ல பதில். அவள் ரசம் வேண்டுமா என்று கேட்டாள். மறுநாளும் கேட்கவில்லை. பிள்ளைகள் வளர்ந்து, கல்யாணமாகி, எங்களுக்கும் தலை நரைத்துவிட்டது. இதுவரை அவள் கேட்கவேயில்லை.